தீப்புயல்: மதுவிலக்கைப் பாடும் ஓர் இடிமுழக்கம்

சங்கீதம் எனப்படுவது செவிக்கு இனிமை பயத்தல் வேண்டும் என்பது நம்மவருட் பெரும்பாலோர் கொண்டுள்ள முடிந்த முடிபு. அம்முடிபையே அளவுகோலாகக் கொண்டால், ஈண்டு நாம் ஆராயப் புகுந்த இசைத்தட்டு ஒரு நொடியும் தேறாது. அதில் பாடுவோர் பாடுகின்றாரில்லை. தொண்டை கிழியக் கூவுகின்றார். கிட்டார் இழைகின்றதில்லை, இரும்புத் தகட்டை அரத்தால் அராவுவது போல உறுமுகின்றது. ஆனால் அக்கூவலுக்குப் பின்னிற்கும் கொள்கை யாதென விசாரித்தால் வியப்பே மிஞ்சும். குடியாதே, புகையாதே, லாகிரி வஸ்துக்களைத் தீண்டாதே, வாயில்லா உயிரைக் கொன்று வயிற்றை நிரப்பாதே என்பனவே அவ்விளைஞர்கள் ஏற்ற விரதங்கள். நம் சீர்திருத்த மேடைகளில் தலைமுறை தலைமுறையாய்ச் சொல்லப்பட்டு வரும் உபதேசந்தான் இது. நம் மேடையில் இதைச் சொல்லத் தொடங்கியதும் பின்வரிசை இளைஞர் மெல்ல எழுந்து தேநீர்க் கடையை நாடுவர். அங்கேயோ அதே உபதேசத்தைக் கேட்க இளைஞர் காசு கொடுத்து நுழைந்து, வியர்வை வழியத் துள்ளி, பாடுவோருடன் சேர்ந்து கூவினர். அஃது எங்ஙனம் கூடிற்று? கூடியதனால் விளைந்தது முற்றும் நன்மைதானா?

‘எர்த் கிரைசிஸ்’ என்பது அக்குழுவின் பெயர். புவிக்கு வந்த நெருக்கடி என்பது பொருள். ஐக்கிய அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், முற்காலத்தில் உப்புக் காய்ச்சிப் பேர் பெற்ற சிரக்யூஸ் நகரமே அவர்களுடைய ஊர். 1992 ஆம் ஆண்டில் ‘ஆல் அவுட் வார்’ என்னும் சிறு தட்டு ஒன்றை வெளியிட்டனர். அடுத்த ஆண்டில், அதாவது 1993 இல், சிகாகோ நகரத்து விக்டரி நிறுவனத்தின் வாயிலாக ‘ஃபயர்ஸ்டார்ம்’ வெளிவந்தது. தீப்புயல் என நாம் அதனை வழங்குவோம். நான்கே பாட்டுக்கள், ஏறத்தாழக் கால் மணி நேரம். குரல் கார்ல் பியூக்னர் என்பாருடையது. கிட்டார் வாசித்தோருள் முதன்மையானவர் ஸ்காட் கிரவுஸ். முழு நீளத் தட்டு ஒன்றேனும் வெளியிட்டிராத, அப்பொழுதுதான் தலையெடுத்து வந்த குழு அது. முதல் முழுத்தட்டு 1995 ஆம் ஆண்டிற்குத்தான் காத்திருந்தது. எனினும் ‘மெட்டல்கோர்’ எனப்படும் இசைவகையின் வரலாற்றை எழுதப் புகுவோர் இந்நான்கு பாட்டுக்களைத் தொடாமற் செல்வது அரிது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தும் அதனை இப்பக்கத்தில் ஆராயத் தகுமோ எனின், தகும். கையில் கரிய பெருக்கற் குறி வரைந்துகொண்டு, குடியை வெறுக்கும் இளைஞர் இன்று மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் உள்ளனர். அவர்களுட் பலருக்கு அக்குறி வந்த வழி தெரியும்; நமக்குத்தான் தெரியாது.

அவ்வழியைச் சுருக்கமாகக் கூறுவோம். 1980 ஆம் ஆண்டில் வாஷிங்டன் நகரத்து ‘டீன் ஐடில்ஸ்’ என்னும் சிறுவர் குழுவினர் மேற்குக் கரையிலுள்ள சான் பிரான்சிஸ்கோவிற்குச் சென்று வாசித்தனர். மது விற்கும் அரங்கில், வயது வராதோருக்கு மது கொடுத்துவிடலாகாது என்பதற்காக அவர்களுடைய புறங்கையில் மையினால் பெருக்கற் குறி இடப்பட்டது. ‘இவனுக்கு ஊற்றாதே’ என்று கடைக்காரனுக்குச் சொல்லும் குறி அது. அதனை அச்சிறுவர்கள் ஊருக்குக் கொண்டு வந்து, ‘எனக்கு ஊற்றாதே’ என்று தாமே சொல்லும் குறியாக மாற்றிவிட்டனர். தடை விதித்தவனுடைய முத்திரையே தன்மானத்தின் முத்திரையாயிற்று. அக்குழுவிலிருந்த இயன் மக்காய் பின்னர் ‘மைனர் திரெட்’ என்னும் குழுவை அமைத்து, 1981 இல் ஒரு நிமிஷமும் நீடியாத பாட்டொன்றில் இக்கொள்கைக்கு ‘ஸ்ட்ரெய்ட் எட்ஜ்’ என்று பெயரிட்டார். நேர்விளிம்பு எனலாம். குடியும் புகையும் லாகிரியும் இன்றித் தெளிந்த தலையோடு வாழ்வது என்பதே அதன் சாரம். தாம் ஓர் இயக்கத்தைத் தொடங்க எண்ணியதில்லை என்று அவர் பல முறை சொல்லியிருக்கிறார். ஆனால் இயக்கங்கள் தம்மைத் தொடங்கியவரிடம் அனுமதி கேட்பதில்லை. 1990 ஆம் ஆண்டை ஒட்டி அக்கொள்கையோடு புலால் மறுத்தலும், பாலும் முட்டையும் விலக்கலும் சேர்ந்தன. அப்படிச் சேர்ந்த கொள்கையின் பெருங்குரல்தான் எர்த் கிரைசிஸ்.

இனி இசையைப் பற்றி. ‘மெட்டல்’ என்னும் உலோக இசை இங்கிலாந்தின் பர்மிங்காம் தொழில் நகரில், ‘பிளாக் சபாத்’ குழுவினர் 1970 இல் வெளியிட்ட முதல் தட்டோடு உருப்பெற்றது என்பர். அது கனத்தது, இருண்டது, வாத்தியத் திறமையை மதிப்பது. ‘ஹார்ட்கோர்’ என்பதோ அமெரிக்க நகரத்துச் சிறுவர்கள் மூன்று சுரங்களையும் எல்லையற்ற ஆத்திரத்தையும் மூலதனமாகக் கொண்டு ஆக்கியது. வேகமானது, குறுகியது, மேடைக்கும் சபைக்கும் இடையே வேலி வைக்காதது. இவ்விரண்டும் 1990 ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஒன்றோடொன்று கலந்தன. அக்கலப்பே மெட்டல்கோர். முன்னதன் கனமும் பின்னதன் கூட்டுணர்வும் அதில் உண்டு.

தீப்புயலைக் கேட்போர் முதலில் உணர்வது வேகத்தை என்று எண்ணுதல் கூடாது. உணர்வது நிதானத்தை. கிட்டாரின் நரம்புகளைத் தளர்த்திச் சுருதியைக் கீழே இறக்கி, உள்ளங்கையின் ஓரத்தால் நரம்பை அழுத்தியபடியே மீட்டுகின்றனர். நாதம் நீளாமல், துண்டு துண்டாய், சம்மட்டி அடி போல் விழுகின்றது. மத்தளக்காரர் அதற்கு ஒத்து அடிக்கின்றார். வேகமாய் ஓடும் பகுதி வந்தாலும் அது நெடுநேரம் ஓடுவதில்லை. தாளம் திடீரெனப் பாதியாய்த் தளர்ந்து, எல்லா வாத்தியங்களும் ஒரே அடியில் வந்து விழுகின்றன. இதனை அவர்கள் ‘பிரேக்டவுன்’ என்பர். இவ்விசைவகையின் உயிர்நாடி இதுவே. இவ்விடத்தில் தனி வித்துவானுக்கு வேலை இல்லை. தனி ஆலாபனை இல்லை. மேடையில் நிற்பவரும் கீழே நிற்பவரும் ஒரே காலத்தில் ஒரே அடியை மிதிக்கின்றனர். தப்பு அடிக்கக் கேட்டு வளர்ந்தவர்க்கு இதன் நுட்பத்தை விரித்துரைக்க வேண்டுவதில்லை. சங்கீத சபைகளில் மட்டும் பழகியவர்க்கு விரித்தாலும் விளங்காது.

முதல் வினாவிற்கு விடை இங்கேதான் இருக்கின்றது. குடியாமை என்பது நம் பிரசாரத்தில் பெரும்பாலும் இழப்பாகவே காட்டப்படுகின்றது. விட்டுவிடு, ஒதுங்கு, அடங்கு என்கின்றோம். மனைவி அழுவாள், மக்கள் பட்டினி கிடப்பார், குடல் வெந்து போகும் என்று அச்சுறுத்துகின்றோம். யாவும் உண்மையே. ஆயினும் பதினெட்டு வயது இளைஞனுக்கு அடங்குதல் ஓர் ஆசையாகத் தோன்றுமோ? குடிப்பவனே வீரன், குடியாதவன் அம்மாவின் முந்தானையைப் பிடித்தவன் என்பதன்றோ தோழர் கூட்டத்தின் தீர்ப்பு! எர்த் கிரைசிஸ் அத்தீர்ப்பைத் தலைகீழாகப் புரட்டிவிட்டது. இவர்களுடைய இசையில் குடியாதவனே வலியன், தெளிந்த மூளையே ஆயுதம், மறுத்தலே போர். அப்போரில் அவன் தனியனும் அல்லன். தாளம் தளரும் அவ்விடத்தில் நூறு பேரின் கால்கள் அவனுடைய காலோடு சேர்ந்து விழுகின்றன. சத்தியம் செய்வதற்குத் துணை வேண்டும் என்பதைப் பழைய மதங்கள் அறிந்திருந்தன. இந்த இளைஞர்கள் கோயிலும் குருவும் இன்றியே அதனை அறிந்து செய்திருக்கின்றனர். கலையின் வெற்றி என்று இதனை நாம் தயக்கமின்றிச் சொல்வோம்.

சொற்களைப் பார்க்கும்பொழுதுதான் நமக்கும் அவர்களுக்கும் வழக்கு எழுகின்றது.

முதற் பாட்டாகிய தீப்புயல், லாகிரி விற்போரைத் தெருத் தெருவாய், வீதி வீதியாய் விரட்டிப் பிடித்து ஒழிக்க அழைக்கின்றது. இரக்கம் இல்லை, விலக்கு இல்லை, முழுப் போர் என்கின்றது. வன்முறைக்கு வன்முறையே மறுமொழி என்கின்றது. நீதிக்காக ஒன்று சொல்லிவிட வேண்டும்: அப்பாட்டு தெருவில் நின்று விற்பவனை மட்டும் சுட்டவில்லை. லஞ்சம் வாங்கும் அரசியல்வாதியையும் போலீசையும் அதே வரிசையில் நிறுத்துகின்றது. குற்றமற்றவரைக் காப்பதே போரின் நோக்கம் என்றும் கூறுகின்றது. ஆகவே வெறும் ரத்தவெறி என்று இதனைத் தள்ளுதல் அறியாமை. பாட்டிலே கூறப்பட்டதெல்லாம் செய்கைக்கு அழைப்பாகாது, ஆத்திரத்தின் உருவகம் என்றும் வாதிக்கலாம். அவ்வாதத்தையும் நாம் மதிக்கிறோம். ஆனால் தீயை உருவகமாக எடுத்தவன், தீக்குத் தேர்ந்தெடுக்கும் அறிவு இல்லை என்பதை மறந்துவிட்டான். புயலும் அப்படியே. அரசியல்வாதி, போலீஸ், பெருவணிகன், தெருவணிகன் என்று பாட்டில் நால்வர் நிற்கலாம். உண்மையில் தீ பற்றும்பொழுது ஓட முடியாதவனே எரிகின்றான்.

இஃது ஊகம் அன்று. அப்பாட்டு கேட்டதை அமெரிக்க அரசாங்கமே செய்து காட்டிற்று. சொல்லப்போனால் பாட்டிற்கு முன்பே தொடங்கிவிட்டது. லாகிரியின் மீது போர் என்று அதிபர் நிக்ஸன் முழங்கியது 1971 இல். 1986 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஏழைகள் தெருக்களில் புழங்கிய ‘கிராக்’ என்னும் கட்டிக் கொக்கேய்ன் 5 கிராம் வைத்திருந்தவனுக்கு ஐந்தாண்டுச் சிறை. செல்வர் விருந்துகளில் புழங்கிய பொடிக் கொக்கேய்னுக்கு அதே தண்டனை கிடைக்க வேண்டுமாயின் 500 கிராம் பிடிபட வேண்டும்! ஒரே சரக்கு, நூறு மடங்கு வேற்றுமை. கறுப்பு மக்கள் சிறைகளை நிரப்பினர். தீப்புயல் வெளிவந்த மறு ஆண்டாகிய 1994 இல் இன்னும் கடுமையான குற்றச் சட்டம் வந்தது. 1980 இல் ஏறத்தாழ 5 லட்சமாக இருந்த அந்நாட்டுக் கைதிகளின் தொகை 2002 இல் 20 லட்சத்தைக் கடந்தது. வளைத்துப் பிடித்தலும், இரக்கமின்மையும், முழுப் போரும் ஒருங்கே நடந்தன. லாகிரி ஒழிந்ததா? இல்லை. 2010 ஆம் ஆண்டில் அந்நூறு மடங்கைப் பதினெட்டு மடங்காகக் குறைத்து, பிழையின் ஒரு பகுதியைச் சட்டசபையே ஒப்புக்கொண்டது.

இன்னொன்றும் நேர்ந்தது. 1996 ஆம் ஆண்டில் ‘பர்டியூ’ என்னும் மருந்து நிறுவனம் ‘ஆக்ஸிகான்டின்’ என்ற வலிநீக்கி மாத்திரையை விற்கத் தொடங்கியது. அபினியின் இனத்தைச் சேர்ந்த அம்மாத்திரை, வைத்தியர் கையெழுத்தோடு, நகரத்திலும் கிராமத்திலும் வீடு தேடிச் சென்றது. அதன் அபாயத்தை மறைத்து விற்றதன் தொடர்பாக அந்நிறுவனம் 2007 இல் ஒரு முறையும் 2020 இல் மறுமுறையும் நீதிமன்றக் குற்றச்சாட்டுக்களை ஒப்புக்கொண்டது. பாட்டில் தேடப்பட்ட வியாபாரி தெருமுனையில் நிற்கவில்லை. கழுத்துப் பட்டை அணிந்து, காரியாலயத்தில் வீற்றிருந்தான். 1993 இல் பாடியவர்களுக்கு 1996 இல் நிகழப்போவது எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். தெரிய வேண்டுவதில்லை. ஆனால் அவர்களுடைய தட்டை வெளியிட்ட சிகாகோ நகரத்தின் பழங்கதை தெரிந்திருக்கலாமே! 1920 முதல் 1933 வரை அந்நாடு முழுவதும் மதுவிலக்குச் சட்டம் நடைமுறையில் இருந்தது. அப்பொழுது அந்நகரில் ஆண்டவன் அல் கபோன்.

மதுவிலக்குச் சட்டமே வேண்டா என்பது நம் கட்சியோ என்று சிலர் ஐயுறக்கூடும். அன்று. இந்நாட்டுத் தமிழர்க்கு அப்படிப் பேசும் உரிமை இல்லை. நீரிணைக் குடியேற்றங்களை ஆண்ட ஆங்கில அரசாங்கம் தன் வருவாயில் பெரும் பங்கை அபினியிலிருந்தே பெற்றது. தோட்டந்தோறும் தொழிலாளர் குடியிருப்பை ஒட்டிக் கள்ளுக்கடை இருந்தது. 1941 ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபொழுது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடுக என்பதும் கோரிக்கையாயிருந்தது. ஜப்பானியர் போனபின் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை மறியல் நடத்தினர். 1947 இல் பீடோங் வட்டாரத்தில் போலீசாரோடு மோதினர். குடித்து வந்த தொழிலாளியைத் தாங்களே பிடித்துத் தண்டித்தலும் அப்படையினரிடம் உண்டு. கிள்ளான் தொழிலாளி கடையை மூடச் சொன்னான். தொண்டர் படையினரில் சிலர் குடித்தவன் முதுகையும் தேடினர். இவ்விரண்டிற்கும் நடுவேயுள்ள கோடு மெல்லியது என்பதை அறிந்த சமூகம் நாம். ஆகையால் சிரக்யூஸ் இளைஞரின் பாட்டை அயலார் பாட்டாக நாம் கேட்கவில்லை.

அமெரிக்காவிலேயே அக்கோடு அழிந்த இடமும் உண்டு. ஊட்டா மாநிலத்துச் சால்ட் லேக் நகரில் நேர்விளிம்புக் கொள்கையினர் எனச் சொல்லிக்கொண்ட சிலர், புகைத்தவரையும் குடித்தவரையும் தாக்கலாயினர். 1998 ஆம் ஆண்டில் ஒரு தெருச்சண்டையில் ஓர் இளைஞர் உயிரிழந்தார். குடியாமையைக் கொள்கையாகக் கொண்ட கூட்டத்தைப் போலீசார் ரௌடிக் கூட்டங்களின் பட்டியலில் சேர்த்தனர். அப்பழியை இக்குழுவின் தலையில் ஏற்றுதல் அநீதி; பாட்டைக் கேட்டவர் ஆயிரக்கணக்கானோர், கை ஓங்கியவர் மிகச் சிலர். ஆயினும் ஓங்கிய கைக்கு இப்பாட்டில் மறுப்பு ஒன்றும் இல்லை என்பதை விமர்சகன் சொல்லாமல் விட்டால் அவனுக்கு வேலை என்ன?

வள்ளுவரை நினையாமல் இத்தட்டைத் தமிழர் கேட்க இயலாது. புலால் மறுத்தல், கொல்லாமை, கள்ளுண்ணாமை என்னும் மூன்று அதிகாரங்களையும் இவ்விளைஞர்கள் படியாமலே கடைப்பிடித்தவர்கள். ஆனால் குறளின் அடைவை நோக்குங்கள். புலால் மறுத்தல் இருபத்தாறாம் அதிகாரம். கொல்லாமை முப்பத்து மூன்றாவது. ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குச் செல்லும் வழியில், முப்பத்தொன்றாவதாக வெகுளாமையும், முப்பத்திரண்டாவதாக இன்னா செய்யாமையும் நிற்கின்றன. அவ்விரண்டையும் தாண்டாமல் கொல்லாமைக்கு வர இயலாது என்பது போல! எர்த் கிரைசிஸ் அவ்விரண்டு படிகளையும் ஒரே தாவலில் தாண்டிவிட்டது. கள்ளுண்ணாமையை ஆசிரியர் துறவறத்தில் வையாமல் பொருட்பாலில் வைத்ததும் எண்ணத்தக்கது. குடியை அவர் பாவம் என்ற கணக்கில் மட்டும் பார்க்கவில்லை. நாட்டின், நட்பின், அறிவின் நஷ்டமாகவும் பார்த்தார். நஷ்டத்தில் வீழ்ந்தவன் பகைவன் ஆவானோ?

இக்குறை தட்டு முழுவதற்கும் உரியதன்று. இரண்டாம் பாட்டின் பெயர் ‘ஃபோர்ஜ்ட் இன் தி ஃப்ளேம்ஸ்’, அதாவது அனலில் அடித்து உருவாக்கப்பட்டது. முதற் பாட்டை ஒட்டியே அது வருகின்றது. அதே தீ இங்கும் எரிகின்றது. ஆனால் இங்கே தீ பிறனை எரிக்கும் புயலாகக் காட்டப்படவில்லை. கொல்லன் உலையாகக் காட்டப்படுகின்றது. அதில் இடப்படுவது பாடுகின்றவனே. புகழ் முழுவதும் முதற் பாட்டிற்கே போயிற்று. கூட்டத்தார் கூவி அழைப்பது அதனையே. நம் எண்ணத்தில் இரண்டாவதே மேலானது. முதற் பாட்டில் இசையும் சொல்லும் ஒன்றையொன்று மறுத்து நிற்கின்றன: இசை அருகில் நிற்பவனைத் தோழனாக்குகின்றது, சொல்லோ எதிரில் நிற்பவனைத் தேடி அலைகின்றது. இரண்டாவதில் அம்முரண் இல்லை. சம்மட்டி போல் விழும் அவ்வடிகளுக்கு உலைக்களமே பொருத்தமான இடமென்பது வெளிப்படை.

மூன்றாம், நான்காம் பாட்டுக்கள் மனிதனால் விளைந்த அழிவைப் பற்றியவை. கருத்து பெரிது, பாட்டு அவ்வளவு பெரிதன்று. துண்டுப் பிரசுரத்தின் வாசகத்தை அப்படியே எடுத்து வாத்தியத்தின்மேல் ஏற்றினாற்போல் சில இடங்களில் தோன்றுகின்றது. சொற்கள் நீளமானவை, அருவமானவை; குரலோ ஒவ்வோர் அசையையும் கடித்துத் துப்பும் குரல். இரண்டும் இசையவில்லை. சீர்திருத்தப் பாடல் எழுதும் நம் இளங்கவிஞர்கள் இவ்விரண்டையும் ஒரு முறை கேட்டல் நலம். கொள்கை சரியாயிருப்பதனாலேயே பாட்டு சரியாகிவிடும் என்னும் மயக்கம் கடல் கடந்தும் உண்டென்று தெரியும்.

குழுவினர் தேங்கி நிற்கவில்லை. 1995 ஆம் ஆண்டு வந்த ‘டிஸ்ட்ராய் தி மெஷின்ஸ்’ என்னும் முழுத்தட்டில் ‘தி டிஸிப்ளின்’ என்றொரு பாட்டு உண்டு. ஒழுக்கம், கட்டுப்பாடு என்று பொருள்படும் அப்பாட்டில், தெளிந்த மனமே உலகை மாற்றும் வேலைக்குத் தகுதி தருவது என்ற எண்ணம் நேராகப் பேசப்படுகின்றது. அங்கே போர் தனக்குள்ளேயே நடக்கின்றது. இரண்டாம் பாட்டில் மூட்டிய உலை அங்கே பழுக்கக் காய்ந்துவிட்டது எனலாம். 2001 இல் கலைந்து, 2007 இல் மீண்டும் கூடிய இக்குழுவினரை இன்றும் பலர் தீப்புயலின் பேராலேயே அறிவர். இவ்விசையைப் புதிதாகக் கேட்கப் புகும் நம் இளைஞர் அந்த முதற் பாட்டை முன்னே வைத்துத் தொடங்க வேண்டியதில்லை. இரண்டாம் பாட்டிலிருந்து தொடங்கி, ‘தி டிஸிப்ளின்’ கேட்டு, பின்னர் தீப்புயலுக்குத் திரும்பட்டும். ஒலியைச் சற்றுக் குறைத்து வைத்துக் கேட்பது அண்டை வீட்டாருக்குச் செய்யும் உபகாரம்.